பண்ருட்டி முந்திரி இலையில் வளர்ந்த சிற்றந்து: அக்ரோசெர்காப்ஸ் சின்கிராம்மா என்று எழுதலாமா?

கெடிலக்கரை:
வணக்கம். பண்ருட்டிக்கு மேற்கே, செம்மண் தோப்பில் ஒட்டு முந்திரியின் கொழுந்து இலைகளில் இருந்த கொப்புளங்களை இலையோடு எடுத்து வளர்த்ததில் வெளிவந்த அந்துப்பூச்சி இது. முன்சிறகு 3.2 மி.மீ., விளிம்பு மயிரையும் சேர்த்து. நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. முன்விளிம்பிலிருந்து சாய்வாக இறங்கும் வெள்ளைக் கோடுகள், அவற்றின் ஓரமெல்லாம் கருங்கோடு. பின்சிறகு மிகக் குறுகல், அதைவிட அகலமாக மயிர்க்குஞ்சம். தலை மழமழவென்று இருக்கிறது, குடுமி இல்லை. உணர்கொம்பு முன்சிறகின் நீளத்துக்குச் சற்றுக் கூடுதல். புழு முதலில் வெளிர் வெள்ளை, முற்றியதும் சிவப்பு. முந்திரியில் இலை குடைவது அக்ரோசெர்காப்ஸ் சின்கிராம்மா என்றுதான் வேளாண் கையேடுகள் எல்லாம் சொல்கின்றன. அந்தப் பெயரிலேயே பதிவு செய்துவிடலாமா?

நுண்சிறகு:
பேரினக் கூட்டம் வரை தைரியமாகப் போகலாம். சிற்றினப் பெயரை இப்போது போடாதீர்கள். ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் குடும்பம். நீங்கள் கொடுத்த தகவலில் மிக வலுவானது சிறகு இல்லை, புழு. இலைக்குள் தட்டையாக, தலையும் தட்டையாக, காலே இல்லாததுபோல் ஊர்ந்து சாற்றை மட்டும் உறிஞ்சும் ஒரு பருவம். பிறகு தலை உருண்டு, கால் முளைத்து, இலைச்சதையைக் கடித்துத் தின்னும் இன்னொரு பருவம். ஒரே புழு இப்படி இரண்டு உருவம் எடுப்பது கிராசிலாரிடே குடும்பத்தின் அடையாளம். முற்றிய புழுவை உருப்பெருக்கியில் பக்கவாட்டில் வைத்துப் போலிக்கால்களை, அதாவது வயிற்றுப் பகுதியில் இருக்கும் சதைக்கால்களை, எண்ணுங்கள். வயிற்றின் 3, 4, 5ஆம் கண்டங்களிலும் கடைசிக் கண்டத்திலும் இருக்கும், 6ஆம் கண்டத்தில் இருக்காது. 6இலும் இருந்தால் வேறு குடும்பம். அதற்கு மேல் சிறகைப் பார்க்கவே தேவையில்லை.

அடுத்து பேரினம். பின்காலின் நடுநீள்கணுவில், அதாவது டிபியாவில், மேல்விளிம்பு நெடுக விறைப்பான முட்கள் ஒரு வரிசையாக நிற்கிறதா பாருங்கள். அக்ரோசெர்காப்ஸ் கூட்டத்தில் அது இருக்கும். முற்றிய புழு சிவப்பாக மாறுவதும் இந்தக் கூட்டத்தில் பரவலாகக் காணப்படுவதே. ஆனால் 'கூட்டம்' என்று சொல்வதைக் கவனியுங்கள். பழைய ஆசிரியர்கள் அக்ரோசெர்காப்ஸ் என்ற ஒரே பையில் போட்டதைக் குமாட்டாவும் குரோகோவும் 1988இல் ஜப்பானிய இனங்களை வைத்துப் பிரித்தார்கள். எட்டியோரிக்டிஸ், கிரைசோசெர்காப்ஸ், கிப்போவால்வா எல்லாம் அப்படிப் பிறந்த பேரினங்கள். தென்னிந்திய இனங்களில் பலவற்றுக்கு அந்த அளவு ஆய்வு நடக்கவில்லை. சின்கிராம்மாவையே இப்போதைய பட்டியல்கள் எட்டியோரிக்டிஸில் வைக்கின்றன. ஆகவே இங்கே அக்ரோசெர்காப்ஸ் என்று எழுதுவது கையேடுகளின் பழைய, பரந்த பொருளில்தான்.

சிற்றினத்துக்கு வந்தால், கையேடுகள் சின்கிராம்மாவை 'வெள்ளிச் சாம்பல் நிறச் சிறு அந்துப்பூச்சி' என்கின்றன. அந்த வரி இந்தப் பேரினத்தில் எத்தனையோ இனங்களுக்குப் பொருந்தும். உலகம் முழுக்க முந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் அதில் உள்ளன. சாய்ந்த வெள்ளைக் கோடும் அப்படியே. முந்திரி என்ற ஒரே காரணத்தால் பெயர் வைத்தால், அது பூச்சியின் பெயரல்ல, மரத்தின் பெயர்.

முந்திரித்தோப்பு:
நுண்சிறகு அண்ணே சொன்னது சரி. வயல் பக்கத்திலிருந்து சில விஷயம் சேர்க்கிறேன், ஏனென்றால் தவறான கொப்புளத்தை வளர்த்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

இந்தப் புழு கொழுந்தைத்தான் பிடிக்கும். இலை செம்பழுப்பு நிறத்தில் தளதளவென்று இருக்கும்போது முட்டை விழுகிறது. இலை முற்றிப் பச்சை கறுத்தபின் நீங்கள் பார்ப்பது பழைய காயம்: கொப்புளத் தோல் காய்ந்து உதிர்ந்து ஓட்டையாகிவிடும். நம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு வரும் துளிரில் தேடுவது நல்லது. 2011 தானே புயலில் பழைய மரங்கள் ஏராளமாக விழுந்தபின் பல இடங்களில் ஒட்டுக்கன்று வைத்தார்கள். விதைக்கன்று மரமும் ஒட்டு மரமும் ஒரே நாளில் துளிர்ப்பதில்லை. அதனால் பக்கத்துப் பக்கத்துத் தோப்பிலேயே ஒன்றில் புழுவும் மற்றதில் வெறும் ஓட்டையும் இருக்கும். மரம் ஒட்டா விதையா, ரகம் தெரிந்தால் ரகம் (விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 இங்கே நிறைய), இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இலையைப் பறிக்கும் முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உயிருள்ள குடைவில் தோல் மெல்லிய சவ்வாக எழும்பி, உள்ளே புழு நிழலாகத் தெரியும், எச்சம் பொடியாகச் சிதறியிருக்கும். பூஞ்சாணக் கருகலில் தோல் எழும்பாது, நகத்தால் நெருடினால் இலையோடு ஒட்டியே இருக்கும். இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம்.

முந்திரியில் வேறு சிற்றந்துகளும் உண்டு. இலையையும் பூங்கொத்தையும் நூலால் பின்னிக் கட்டுவது லாமிடா மொன்குசாலிஸ். குருத்து நுனிக்குள் இருப்பது ஹைபடிமா ஹாலிகிராம்மா. பழத்தையும் கொட்டையையும் துளைப்பது தைலாகோப்டிலா பௌரோசீமா. இவை எதுவும் இலைத் தோலுக்குள் குடையாது. டப்பாவில் கிளை நுனியோடு போட்டால் மட்டும் ஹைபடிமா உள்ளே வந்துவிடும், பிறகு எந்தப் பூச்சி எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இலையை மட்டும் காம்போடு எடுங்கள்.

மருந்து அடித்த தோப்பா என்று உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள். பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அடிப்பார்கள். புழு நான்கு நாளில் சுருண்டுவிடும், நீங்கள் வளர்ப்பு முறையைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

கெடிலக்கரை:
நன்றி. போலிக்கால் பார்த்தேன், 6ஆம் கண்டத்தில் இல்லை. பின்கால் முள்வரிசை ஒரு பூச்சியில் தெளிவாகத் தெரிகிறது, மற்றவற்றில் செதில் உதிர்ந்து கிடக்கிறது. டப்பாவின் மூடியில் முட்டி முட்டிச் சிறகு தேய்ந்துவிடுகிறது. இதற்கு என்ன வழி?

உப்பங்கழி:
மூடியில் முட்டுவதற்கு முன்பே பிரித்துவிடுவதுதான் வழி. வளர்ப்பை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் சேதம் பெரும்பாலும் இதிலேயே தொடங்குகிறது.

அரை லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, மூடியில் மெல்லிய வலைத்துணி. அடியில் 2 செ.மீ. சலித்த மணல். மணலை அடுப்பில் வறுத்து ஆறவைத்தபின் லேசாக ஈரமாக்குங்கள்: கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. முந்திரி இலைப்புழு முற்றியதும் இலையை விட்டு இறங்கி மண்ணில்தான் கூட்டுப்புழு ஆகும். வெறும் காகிதம் விரித்த டப்பாவில் அது மூலையெல்லாம் அலைந்து ஓய்ந்து சாகிறது. பலரும் 'கடைசிக் கட்டத்தில் செத்துப்போகிறது' என்று எழுதுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

இலைக் காம்பை ஈரப்பஞ்சில் சுற்றி, பஞ்சின் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றுங்கள். பஞ்சு திறந்திருந்தால் டப்பாவுக்குள் நீராவி அடைத்துச் சுவரில் துளி துளியாக இறங்கும், கொப்புளத்துக்குள் தண்ணீர் புகுந்து புழு மூழ்கிவிடும். நம் கடலோரக் காற்றில் மழை மாதங்களில் இது உடனே நடக்கும். நேர்மாறாக, இலை வாடினால் தோல் சதையோடு ஒட்டிக்கொண்டு புழு நகர முடியாமல் பட்டினி கிடக்கும். பெரும்பாலான புழுக்கள் வேறு இலைக்கு மாறாது. அதனால் முடிந்தவரை முற்றிய புழுவுள்ள இலையையே எடுப்பது பாதுகாப்பு.

ஒரு டப்பாவுக்கு ஒரே மரத்து இலை, ஒரே வளர்ப்பு எண். புழு மண்ணில் இறங்கியபின் காலியான இலையைத் தூக்கிப் போடாதீர்கள். செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்தி, அதே எண்ணை எழுதி வையுங்கள். குடைவின் உருவம், அது இலையின் மேற்பக்கமா அடிப்பக்கமா, எச்சம் வரியாகக் கிடக்கிறதா சிதறிக் கிடக்கிறதா, எல்லாம் பிறகு வேண்டும்.

கூட்டுப்புழு ஆகி ஒரு வாரம் ஆனதும் காலை மாலை இரண்டு வேளையும் பாருங்கள். வெளிவந்த பூச்சியைச் சிறு கண்ணாடிக் குப்பியால் மூடி எடுத்து, சிறகு உலர்ந்து விறைக்கச் சில மணி நேரம் இருட்டில் வையுங்கள். இருட்டில் அடங்கியிருக்கும், முட்டாது. பிறகு குப்பியோடு உறைபெட்டியில் வையுங்கள். சிறகு விறைக்கும் முன் உறையவைத்தால் விரிக்கும்போது ஓரம் சுருண்டுவிடும். எத்தில் அசிடேட் வேண்டாம், டி.என்.ஏ.வைக் கெடுக்கும்.

எடுத்தவுடன், அறை வெப்பத்துக்கு வந்ததும் விரித்துவிடுங்கள். 3 மி.மீ. சிறகு உலர அதிக நேரம் ஆகாது. 0.1 அல்லது 0.15 மி.மீ. தடிமனுள்ள மினுட்டன் ஊசி, மார்பின் நடுவில் மேலிருந்து. சிறகைக் கையால் தொடாமல், ஊசியின் முனையை முன்விளிம்பு நரம்புக்குப் பின்னால் வைத்துத் தள்ளுங்கள். மாதிரிப் பெட்டியில் தெர்மாகோல் போடாதீர்கள். நாப்தலின் உருண்டை வைத்தால் அது இளகி ஊசியோடு ஒட்டிவிடும். பாலிஎத்திலீன் ஃபோம் போடுங்கள், கூடவே சிலிக்கா ஜெல்.

கொப்புளத்திலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் உலோகப் பச்சையாகச் சிறு குளவி வந்தால் எரிச்சல்பட வேண்டாம். யூலோஃபிடே குடும்ப ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். 95 சதவீத எத்தனாலில் அதே எண்ணோடு போட்டு வையுங்கள். முந்திரிக்காரர்களுக்கு அந்துப்பூச்சியின் பெயரைவிட அதுவே பயன்படக்கூடும்.

வெள்ளைத்திரை:
புதுச்சேரி பக்கம் வெள்ளைத்துணியும் புற ஊதா விளக்கும் வைத்தால் இதே கோடுள்ள பூச்சிகள் துணியில் வந்து உட்காருகின்றன. இன்னொன்று, ஒரு காலை எடுத்து டி.என்.ஏ. பார்கோடு செய்தால் வேலை முடிந்துவிடாதா? இவ்வளவு சிரமம் எதற்கு?

நுண்சிறகு:
விளக்குக்கு வந்ததை அக்ரோசெர்காப்ஸ் கூட்டம் என்பதோடு நிறுத்துங்கள். எந்த இலையிலிருந்து வந்தது என்று தெரியாத சிற்றந்து பாதிச் சாட்சிதான். நாவல், மா, புங்கன் என்று ஒவ்வொரு மரத்திலும் இலை குடைகிற கிராசிலாரிடே இனங்கள் இருக்கின்றன, விளக்கு எல்லாவற்றையும் ஒரே துணியில் கொண்டுவந்து சேர்க்கிறது.

பார்கோடு நல்ல கருவி. வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். சி.ஓ.ஐ. மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள துண்டைப் படிக்கிறோம். ஆனால் அது ஒப்பிட்டுத்தான் பேசும். போல்ட் என்ற பார்கோடு தரவுத்தளத்தில் சரியாக இனம் கண்ட சின்கிராம்மா இருந்தால் உங்கள் வரிசை அதோடு ஒட்டும். இல்லாவிட்டால் 'அக்ரோசெர்காப்ஸ், இனம் தெரியவில்லை' என்ற இன்னொருவரின் கேள்வியோடு ஒட்டும். அங்கே பெயரோடு இருக்கிற பதிவும் யாரோ 'முந்திரி, ஆகவே சின்கிராம்மா' என்று எழுதியதாக இருந்தால், நம் தவறு சுற்றி வந்து நமக்கே சான்றாகிவிடும். இந்த ஆபத்தை நான் சிறிதாக எண்ணவில்லை.

காலை எடுப்பதானால் நடுக்காலை எடுங்கள். பின்காலில் முள்வரிசை இருக்கிறது, அது அடையாளத்துக்கு வேண்டும். எடுத்த காலைத் தூய எத்தனாலில் போட்டு, குப்பியில் பூச்சியின் எண்ணை எழுதி, உறைபெட்டியில் வைக்கவும்.

ஏன் பழைய விவரணையை மட்டும் வைத்து முடிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்கிராம்மாவுக்கு 1914இல் பெயர் வைத்தவர் எட்வர்ட் மெய்ரிக். இங்கிலாந்தில் மார்ல்பரோ கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோதும், ஓய்வுபெற்றபின் 1938இல் இறக்கும்வரையும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றந்துகளுக்குப் பெயர் வைத்தார். சிறகின் நிறம், கோடு, நரம்பமைப்பு, வாயுறுப்பு இவற்றைத்தான் எழுதினார். இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்ப்பதை அவர் ஏற்கவில்லை. அவருடைய விவரணையில் மி.மீ. என்று வருவது விரித்த சிறகின் முனைக்கு முனை அளவு. நாம் இன்று எழுதுவது ஒரு முன்சிறகின் நீளம். அவர் 7 என்பதும் நீங்கள் 3.2 என்பதும் ஏறக்குறைய ஒரே பூச்சியாக இருக்கலாம். இது தெரியாமல் 'அளவு பொருந்தவில்லை, புதிய இனம்' என்று குதிப்பவர்கள் உண்டு. மெய்ரிக்கின் மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடைசி வார்த்தை அந்த மாதிரியோடு ஒப்பிட்ட பிறகுதான்.

கெடிலக்கரை:
அப்படியானால் இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்ப்பதுதான் அடுத்த படி. உப்பங்கழி அக்கா, இவ்வளவு சிறியதை எப்படி?

உப்பங்கழி:
ஆண் பூச்சியாகப் பாருங்கள். வயிற்று நுனியில் இரண்டு மடல் சேர்ந்தாற்போல் தெரிந்தால் ஆண். விரித்து உலர்ந்த பூச்சியின் வயிற்றை மெல்லிய இடுக்கியால் கீழிருந்து மேலாக ஒரு தட்டு. தனியாக வந்துவிடும். சிறகுள்ள பகுதி ஊசியில் அப்படியே இருக்கட்டும்.

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சிறு குப்பியில் வயிற்றைப் போட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இந்த அளவுப் பூச்சிக்கு 10 நிமிடமே போதுமானதாக இருக்கலாம். அவசரமில்லாதவர்கள் அறை வெப்பத்தில் ஓர் இரவு வைக்கலாம், நான் இதையே விரும்புவேன். கொதிக்கவிட்டால் சவ்வெல்லாம் கண்ணாடியாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாது.

பிறகு தண்ணீர், அடுத்து 30 சதவீத எத்தனால். இங்கேதான் பலர் அவசரப்பட்டுச் செதிலைத் தூரிகையால் துடைக்கிறார்கள். நிறுத்துங்கள். அக்ரோசெர்காப்ஸ் ஆணில் 7, 8ஆம் கண்டங்களில் மயிர்க்கற்றைகள் இருக்கும், கோரிமேட்டா என்பார்கள். எத்தனை ஜோடி, நீளம் எவ்வளவு, எந்தக் கண்டத்திலிருந்து எழும்புகிறது என்பது இனம் பிரிக்க உதவும். துடைத்தால் கழன்றுவிடும். முதலில் அப்படியே படம் எடுங்கள், பிறகு சுத்தம் செய்யுங்கள்.

70 சதவீத எத்தனாலில் கரைத்த குளோராசால் பிளாக் சாயம் சில நொடி. அதிகமானால் கறுத்துவிடும், திரும்ப வெளுக்க வைப்பது பாடு. 95 சதவீதம், பிறகு தூய எத்தனால், கடைசியில் தகட்டில் பதிக்கும் பிசினான யூபரால். கண்ணாடித் தகடு மூடும் முன், கிளிசரினில் மிதக்கவிட்டுப் பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுத்துவிடுங்கள். தகடு அழுத்தியபின் வால்வா, அதாவது வயிற்று நுனியின் அந்த மடல், தட்டையாகி உருவம் மாறும். இரண்டு பேர் ஒரே இனத்தை வேறு வேறாக வரைந்ததற்கு இந்த அழுத்தம் காரணமாக இருந்ததுண்டு. ஆண்குறியை உறையிலிருந்து பிரித்துத் தனியே கிடத்துங்கள், வயிற்றுத் தோலை எறியாமல் அதே தகட்டில் வையுங்கள்.

யூபரால் வாங்க முடியாதவர்கள் சிறு கிளிசரின் குப்பியில் வைத்து, அந்தக் குப்பியைப் பூச்சியின் ஊசியிலேயே குத்திவிடலாம். தனி டப்பாவில் போட்டால் ஒருநாள் எண் பிரிந்துபோகும்.

முந்திரித்தோப்பு:
ஒரு விஷயம் கேட்க வேண்டும். சின்கிராம்மா மாவிலும் குடைகிறது என்று சொல்கிறார்கள். முந்திரி அமெரிக்க மரம், போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. மா நம்முடையது. அப்படியானால் பூச்சி மாவிலிருந்து முந்திரிக்கு இறங்கியதா?

நுண்சிறகு:
நல்ல கேள்வி, இந்த இழைக்கே இதுதான் சாரம். மா, முந்திரி இரண்டிலும் பதிவு இருப்பது உண்மை. இரண்டும் ஒரே குடும்பம். பூச்சி இந்தியப் பக்கத்தது என்றால், முந்திரி வருவதற்கு முன் அது நம் மரம் ஒன்றில் வாழ்ந்திருக்க வேண்டும். மா அதில் முதல் சந்தேகம், ஆனால் ஒரே சந்தேகம் இல்லை. அதே குடும்பத்து ஒதியன் பண்ருட்டி வேலிகளில் போத்தாக நட்டு நிற்கிறது. சேங்கொட்டையும் இருக்கிறது. இவற்றின் கொழுந்தில் கொப்புளம் உண்டா என்று பார்த்து, தனி எண்ணில் வளர்க்க வேண்டும். மா இலைப் பூச்சியின் ஆணையும் முந்திரிப் பூச்சியின் ஆணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு விடையில் ஒன்று வரும்: ஒரே இனம், அல்லது கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு இனம். மாவிலிருந்து வந்ததையும் முந்திரியிலிருந்து வந்ததையும் ஒரே பெட்டியில் ஒரே பெயரில் வைத்தால் அந்தக் கேள்வியே அழிந்துவிடும்.

மரத்தின் பெயரில் சந்தேகம் இருந்தால் பூவோடு ஒரு கிளையை உலர்த்தி வையுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தாவர உலர்மாதிரியகம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கலாம்.

வெள்ளைத்திரை:
பிச்சாவரம் கண்டல் காட்டிலும் இலைக் கொப்புளம் இருக்கிறது. அங்கேயும் எடுக்கலாமா?

உப்பங்கழி:
அது காப்புக்காடு. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் இலை கூட எடுக்காதீர்கள், படம் எடுப்பதோடு நிறுத்துங்கள். தனியார் முந்திரித் தோப்பில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இன்னொன்று, ஒருவேளை புதிய இனம் என்று முடிவானால், 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி அறிவித்து, சான்று மாதிரியை அறிவிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒன்று. வெளிநாட்டு நண்பருக்கு அஞ்சலில் அனுப்பிப் பெயர் கேட்பதெல்லாம் கூடாது.

கெடிலக்கரை:
ஆண் ஒன்றின் வயிற்றை இரவு முழுக்க ஊறவைத்துப் பார்த்தேன், மயிர்க்கற்றைகள் இருக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன். இப்போதைக்கு என்ன பெயரில் பதிவு செய்வது?

நுண்சிறகு:
படம் அருமை. 7ஆம் கண்டத்துக் கற்றை எழும்பும் இடம் மட்டும் மங்கல், பக்கவாட்டில் இன்னொன்று எடுங்கள்.

பதிவில் 'அக்ரோசெர்காப்ஸ் சி.எஃப். சின்கிராம்மா' என்று எழுதுங்கள். நடுவில் உள்ள சி.எஃப். என்றால் 'அதோடு ஒப்பிட வேண்டியது' என்று பொருள். முடிவான பெயர் இல்லை என்று படிப்பவருக்குப் புரியும். ஊசியில் இரண்டு சீட்டு. முதல் சீட்டில் நாடு, மாநிலம், கடலூர் மாவட்டம், ஊர், தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை அட்சரேகை, தீர்க்கரேகை (அது ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம்), மரம், இலை பறித்த தேதி, பூச்சி வெளிவந்த தேதி, வளர்ப்பு எண். இரண்டாவதில் கண்ணாடித் தகட்டின் எண்ணும் கால் வைத்த குப்பியின் எண்ணும். பெயர் சீட்டைத் தனியாக, அடியில். பெயர் மாறும், மேலே உள்ள சீட்டு மாறாது.

முந்திரித்தோப்பு:
கெடிலக்கரை தம்பி, காடாம்புலியூர் பக்கம் முந்திரியும் மாவும் ஒரே வரப்பில் நிற்கும் தோப்பு ஒன்று இருக்கிறது, மருந்து அடிக்காதது. உரிமையாளரிடம் பேசி வைக்கிறேன். வேலியில் ஒதியனும் உண்டு. அடுத்த துளிர் வந்ததும் மூன்றிலும் இலை எடுக்கலாம். மூன்றுக்கும் தனித்தனி டப்பா கொண்டு வாருங்கள், மணலை வீட்டிலேயே வறுத்துவிட்டு.